பஜ்ஜி ஸ்டூடியோ உருவான வரலாறு

'கடை' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தமிழர்கள் இத்தனை நூற்றாண்டு எப்படிப் பொருள் வாங்கினார்கள் என்பது எனக்கு இன்னமும் விளங்காத மர்மம். பூ விற்றாலும் கடை, பொன் விற்றாலும் கடை. இந்த வறுமையிலிருந்து நம்மைக் கைதூக்கி விட்டது ஆங்கிலம். இன்று மயிலாப்பூரில் ரவிக்கை தைக்கும் இடம் பொட்டிக், முடி வெட்டும் இடம் ஹேர் ஸ்டூடியோ, பன் விற்கும் இடம் பாட்டிசெரி. பன் என்னவோ அதே பன்தான். ஆனால் வாங்கும்போது நம் முதுகு தானாக நிமிர்கிறதே, அதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்களா என்ன? வாங்குகிறார்கள். அது வேறு விஷயம்.

இந்த மகத்தான மொழிப்பணியில் எங்கள் 'சாகேதம்' அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கமும் தன் பங்கை ஆற்றியிருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அதைப் பதிவு செய்வது என் கடமை.

எங்கள் வாசலில், மதில் சுவரை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தடியில், தேவானையம்மா பஜ்ஜி வண்டி போட்டிருந்தார். ஆற்றோரம் இருந்த அவருடைய குடிசையை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு அங்கே போனாலும் வாடிக்கை இங்கே என்பதால் தினமும் பஸ் ஏறி வருவார். மாலையில் அடுப்பைப் பற்றவைத்தால், நாங்கள் அவரவர் பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவோம். டப்பாவும் காசும் கீழே போகும், பஜ்ஜி மேலே வரும். எந்தப் பை யாருடையது, யாருக்கு வாழைக்காய், யாருக்கு மிளகாய் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆகையால் நாங்கள் அவரோடு பேச வேண்டிய அவசியமே ஏற்பட்டதில்லை.

இப்படி இருக்கையில், தலைவர் ராமானுஜத்தின் காலி வீட்டை வாடகைக்குப் பார்க்க பெசன்ட் நகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. குடும்பத் தலைவர் காரின் கண்ணாடியை இறக்கினார். "ஓ, வாசல்லயே கடையா?" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே தலைவர் வீட்டில் அவசரக் கூட்டம். "நான் யார் வயித்துலயும் அடிக்கறவன் இல்லை. ஆனா நம்மாத்து வாசல்ல ஒரு கடையை வெச்சுண்டு நாலு பேர் முன்னாடி எப்படி நிக்கறது?" என்று தலைவர் தழுதழுத்தார். நடுவில் ஒரு தட்டு நிறைய பஜ்ஜி இருந்தது. சற்றுமுன் கயிற்றில் ஏறி வந்தது. அந்தப் பஜ்ஜியைத் தின்றுகொண்டே அந்த வண்டியை எடுக்கச் சொல்ல எங்கள் மனசாட்சி இடம் தரவில்லை. எனவே தின்று முடித்துவிட்டுப் பேசினோம்.

தீர்வு சொன்னவர் இரண்டாவது மாடி நீரஜா. பெரிய கம்பெனிகளுக்குப் பெயர் வைத்துக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். "அங்கிள், வண்டி ப்ராப்ளமே இல்ல. கடைங்கற வேர்டுதான் ப்ராப்ளம். அதை மாத்திட்டா போதும்" என்றார். எங்கள் எல்லோருக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நானே கீழே ஓடிப்போய், இடத்துக்கு ஆபத்தில்லை, பெயரை மட்டும்தான் மாற்றப்போகிறோம் என்று தேவானையம்மாவிடம் சொன்னேன்.

"பேர்ல இன்னா சார் கீது? இன்னா வேணா வச்சிக்கோங்க. எனக்கு எடம் இருந்தா போதும்" என்றார்.

'பயனாளியின் ஒப்புதல் பெறப்பட்டது' என்று குறித்துக்கொண்டேன்.

பெயர் தேர்வு பல அமர்வுகளாக நடந்தது. 'ஸ்டால்' என்பதில் தீவுத்திடல் பொருட்காட்சி வாடை அடித்தது. 'கியாஸ்க்' என்றால் பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டே ரயிலைத் தவறவிட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். 'பிஸ்ட்ரோ' என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாததால் அதற்குப் பலத்த ஆதரவு இருந்தது. ஆனால் பிஸ்ட்ரோவில் விளக்கு மங்கலாக இருக்க வேண்டுமாம். மங்கலில் மிளகாய் பஜ்ஜியை வாழைக்காய் என்று நினைத்துக் கடித்துவிட்டால் சங்கமல்லவா பொறுப்பு? 'பாப்-அப்' என்பது வந்த சில நாளில் காணாமல் போய்விடும் என்று நீரஜா விளக்கியபோது தலைவர் முகத்தில் மட்டும் ஒரு பிரகாசம் தெரிந்தது. கடைசியில், பஜ்ஜிக்கு ஆங்கிலத்தில் ஃப்ரிட்டராம், 'ஃப்ரிட்டர் ஸ்டூடியோ' ஏகமனதாக நிறைவேறியது.

பெயர் வந்தால் அதற்குத் தகுந்த மரியாதையும் செய்ய வேண்டும் இல்லையா? ஸ்டூடியோவுக்கு ஏற்ற கண்ணாடி மேடை வந்தது, மின்சார அடுப்பு வந்தது, கறுப்புத் தொப்பி வந்தது. கயிற்றுப் பை ஸ்டூடியோவின் கௌரவத்துக்கு இழுக்கு என்பதால் தடை செய்யப்பட்டது. இவ்வளவும் தயாரான பிறகுதான், இத்தனை உயர்ந்த இடத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எழுந்தது.

நாங்கள் பாரபட்சம் பார்ப்பவர்கள் இல்லை. தேவானையம்மாவையும் நேர்காணலுக்கு அழைத்தோம். உட்கார நாற்காலியும் கொடுத்தோம். "உங்க கான்செப்ட் என்னம்மா?" என்று நீரஜா அன்பாகக் கேட்டார்.

தேவானையம்மா கொஞ்சம் யோசித்தார். "கடல மாவு, அரிசி மாவு, கொஞ்சம் மொளகாத்தூளு."

ஸ்டூடியோ நடத்திய முன் அனுபவம் அவருக்கு இல்லை என்பது வருத்தத்துடன் பதிவு செய்யப்பட்டது. அடையாறில் ஏற்கெனவே இரண்டு ஸ்டூடியோக்களை நடத்தி மூடிய அனுபவம் உள்ள சுஹாஸ் என்ற இளைஞர் தேர்வானார். அவர் கல்பலகையில் ஒரே ஒரு பஜ்ஜியை வைத்து, அதன்மேல் ஒரு இலையை நிற்கவைத்துக் கொடுப்பார். பெசன்ட் நகர் குடும்பம் மறுபடி வந்தது, வாசலில் பெயர்ப்பலகையைப் படித்தது, காரைவிட்டு இறங்கியது, அட்வான்ஸ் கொடுத்தது.

தேவானையம்மாவை நாங்கள் விரட்டிவிட்டோம் என்று தெருவில் சிலர் பேசுகிறார்கள். அபாண்டம். எங்கள் தீர்மானத்தில் அப்படியொரு சொல்லே கிடையாது. 'ரீலொகேஷன்' என்றுதான் என் கைப்பட எழுதியிருக்கிறேன். எதிர்ச்சாரியில், குப்பைத்தொட்டி பக்கத்தில், விசாலமான இடம். நிழல் இல்லை, அவ்வளவுதான். கார்ப்பரேஷன் லாரி வரும்போதெல்லாம் கொதிக்கிற எண்ணெயோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். எங்கள் கயிறு எதுவும் அதுவரை எட்டாது என்பதால் வியாபாரமும் பாதியாகிவிட்டது என்று கேள்வி.

போன வாரம் மழை வரும்போல ஒரு சாயங்காலம். நிலைமையை 'நேரில் ஆய்வு' செய்ய நான் சாலையைக் கடந்தேன். வண்டி முன்னால் தலைவர் ராமானுஜம் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் நீரஜா. நீரஜாவுக்கு முன்னால் பெசன்ட் நகர்க்காரர், குடும்பத்தோடு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் முறை வந்ததும் சங்கத்தின் நிலைப்பாட்டை விளக்கினேன். இது வெளியேற்றம் அல்ல, ரீலொகேஷன் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

தேவானையம்மா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். "தெரியும் சார். ஆத்தாண்ட வூட்ட இடிக்க வந்த சாரும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு. அவரும் ஒங்கள மாரியே தன்மையாத்தான் பேசுனாரு."

சொல்லிவிட்டு, நான் கேட்காமலே, என் வழக்கப்படி இரண்டு வாழைக்காய் பஜ்ஜியையும் ஒரு மிளகாய் பஜ்ஜியையும் தாளில் வைத்து நீட்டினார்.

சங்கத்தின் சார்பில் அவருக்குத் தக்க பதில் சொல்லியிருப்பேன். வாயில் பஜ்ஜி இருந்தது.