பேரனின் பாதமும் என் ஒரு ஜிபியும்

எங்கள் லேப்டாப்பைப் பிரித்து ரேம் மாற்றியே தீருவது என்று நான் சபதம் செய்ததற்குக் காரணம், ஒரு பாதம்.

பேரனின் இடது பாதம். மகள் ஏமா பிரான்சில் லியோனில் இருக்கிறாள். குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் முதல்முறையாக வெப்காமில் காட்டினாள். படம் வந்தது. பாதத்தில் வந்து நின்றது. அதோடு சரி. இந்தப் பக்கம், கோவில்பத்து வீட்டில் நானும் என் மனைவி மார்த்தும் இருபது நிமிஷம் அந்தப் பாதத்தையே சேவித்தோம். "ஐயோ, சிரிக்கிறாம்ப்பா! பாருங்க, பாருங்க!" என்று ஏமாவின் குரல் மட்டும் வருகிறது. இங்கே ஐந்து விரலும் அசையவில்லை.

லேப்டாப் மாப்பிள்ளை அனுப்பியது. சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு வாங்கும்போது அப்படியே கூடையில் போட்டுக்கொள்கிற ரகம். பைபிள் அளவுதான் இருக்கும். உள்ளே அரை ஜிபி ரேம். படத்தைத் திறந்தால் குரல் நிற்கும், குரலைத் திறந்தால் படம் நிற்கும். 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' இருக்கிற பிரெஞ்சு கீபோர்டு வேறு.

என் பெயர் தமியேன். பிரெஞ்சில் அது ஒரு புனிதரின் பெயர். தமிழில் துணையற்ற ஏழையேன் என்று அர்த்தம். கல்யாணமாகிவிட்டால் இரண்டும் பொருந்திவிடுகிறது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் நான் பிரெஞ்சுக் குடிமகன். பிரெஞ்சு தெரியாத பிரெஞ்சுக் குடிமகன். மார்த் கான்வென்டில் படித்தவள். லேப்டாப்போடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தாள். நான் படம் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு பேரனுக்கு ஞானஸ்நானம். விருந்தின்போது, நம் நேரத்துக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு, ஏமா அவனைத் தூக்கிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். அன்றைக்கும் பாதத்தோடு திரும்ப எனக்கு மனமில்லை.

"மார்த், சனிக்கிழமை என் கையாலேயே ஒரு ஜிபி ரேம் போடப் போறேன்."

"வேணாங்க."

"ஏன்?"

"மிக்ஸி."

"அது மோட்டாரு. இது எலக்ட்ரானிக்ஸு."

"அயர்ன் பாக்ஸு."

"அதுல மூணு ஸ்க்ரூதானே மிஞ்சிச்சு?"

"மிஞ்சினது மூணு ஸ்க்ரூ. போனது ஒங்க வெள்ளை பேன்ட்டு."

கொஞ்சம் இறங்கி வந்தாள். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அமீர் நிஷா கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கு. அதுக்கு சுடிதார் எல்லாம் நான்தான் தைக்கிறேன். குடுத்தா அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுத்துரும்."

"என் பேரன் முகத்தை நான் பார்க்கறதுக்கு நடுவுல ஒரு கடையா? தாத்தா கையால செய்யணும் மார்த்!"

அதற்குமேல் அவள் பேசவில்லை. மார்த் பேசாமல் இருந்தால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் நம்பி வருகிறேன்.

அந்த வாரம் முழுக்க நான் லேப்டாப்பைத் தொடவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிக்கு ஓய்வு வேண்டுமல்லவா? வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் போகிற வழியில் அமீர் நிஷா கடையிலேயே ரேம் வாங்கினேன்.

"நீங்களேவா மாட்டப் போறீங்க அங்கிள்?"

"ஆமாம்மா."

"ஒரு ஜிபி போதுமா?"

"தாராளம்."

அந்தப் பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டது. இருமல் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, ஆபரேஷன். நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் பட்டாலே ரேம் போய்விடும், உடம்பை எர்த் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு செம்புக் கம்பியை எடுத்து ஒரு முனையை மணிக்கட்டில் சுற்றினேன். இன்னொரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மார்த் காப்பியோடு வந்தாள்.

"என்னாங்க இது? யாரு ஒங்களை ஜன்னல்ல கட்டிப் போட்டது?"

"சயின்ஸ்."

"அவுத்து விடும்போது சொல்லுங்க. காப்பி ஆறுது."

லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியில் கை வைத்தேன். மூன்று ஸ்க்ரூ. ஒவ்வொன்றும் கடுகில் பாதி. அவளுடைய தையல் மிஷின் ஸ்க்ரூ டிரைவரால் திருகினேன். ஒன்று பறந்து கட்டிலுக்கடியில் போனது. ஜன்னலோடு கட்டியிருந்ததால் எனக்கு எட்டவில்லை. மார்த் ஊசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்து வந்தாள்.

"கிட்ட கொண்டு வராதே! காந்தம் பட்டா கம்ப்யூட்டர் செத்துடும்!"

"கட்டிலுக்கடியிலயா இருக்கு கம்ப்யூட்டரு?"

ஸ்க்ரூ கிடைத்தது. உள்ளே ரேமுக்கு ஒரே ஒரு இடம்தான். இருக்கிறதைக் கழற்றினால்தான் புதியதை மாட்ட முடியும். கழற்றினேன். "இந்தா, பழசு. தூக்கிப் போடு" என்று அவளிடம் நீட்டினேன். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மாட்டி, மூடி, சுவிட்சைப் போட்டபோது இரண்டு மணி நேரமாகியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் திரை மலர்ந்தது! கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு ஜிபி என்று எழுதியே காட்டியது.

"பாரு மார்த், என்னா வேகம்!"

"ஆமாங்க" என்றாள். அந்த 'ஆமாங்க' கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. லேப்டாப்பும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் பூசைக்குப் போய் வந்து, இரண்டாம் பூசைக்கு என்னை அனுப்பினாள். "அப்படியே மார்க்கெட்டுக்குப் போயி நல்ல கொடுவா மீனா பார்த்து வாங்கிட்டு வாங்க. அவசரமில்ல, மெதுவா வாங்க." மெதுவாக வா என்று அவள் சொல்வது அபூர்வம். அனுபவித்து நடந்தேன்.

நாலரை மணி. திரை தெளிந்தது. ஏமா, மாப்பிள்ளை, சம்பந்திமார், நடுவில் வெள்ளைச் சட்டையில் என் பேரன். முகம்! நெற்றி என்னுடையது. மூக்கு மார்த்துடையது. கொட்டாவி விட்டான். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை முழுக் கொட்டாவியும் தடங்கலில்லாமல் வந்தது. மார்த் திரையைத் தொட்டுத் தொட்டு முத்தம் கொடுத்தாள். என் கண் நிறைந்துவிட்டது. ஆண்டவரே, இது போதும் என்றிருந்தது.

"அப்பா, படம் சூப்பரா வருதே! எப்படிப்பா?"

"ரேம்! நானே மாட்டினேன்."

உடனே மாப்பிள்ளை எழுந்து நின்று கை தட்டினார். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் எழுந்து கை தட்டினார்கள். பின்னாலிருந்த பெரிய மேஜையே எழுந்து "பிராவோ! பிராவோ!" என்றது. தமிழில் அழுது, தெரியாத பிரெஞ்சில் நன்றி சொன்னேன்.

எல்லாம் முடிந்து ஆசையாக இன்னொரு தடவை என் ஒரு ஜிபியைப் பார்த்தேன். இரண்டு ஜிபி என்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டேதான்.

"மார்த்! நேத்து ஒண்ணு இருந்திச்சு. இன்னைக்கு ரெண்டா இருக்கு. சூடு ஏறினா அரிசி மாதிரி விரியும் போலிருக்கு!"

கொடுவா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியை வைத்துவிட்டுத் தையல் பெட்டியைத் திறந்தாள். என் ஒரு ஜிபி நூல்கண்டுகளுக்கு நடுவே படுத்திருந்தது.

"புதன்கிழமையே அமீர் நிஷாகிட்ட ரெண்டு ஜிபி போட்டு வாங்கிட்டேங்க. ரெண்டு வரைக்கும் தாங்கும்னு புத்தகத்துல இருந்திச்சு. நீங்க நேத்து அதைக் கழட்டிட்டு ஒண்ணை மாட்டினீங்க. இன்னைக்கு நீங்க மார்க்கெட்டு போனப்ப மாத்தி வச்சேன்."

"நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"ரெண்டு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தீங்க. பேரனைப் பார்க்கணும்னுதானே? அதைப் போயி எப்படிங்க கெடுக்கிறது?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் மீன் மசாலா. இந்தப் பெண்பிள்ளைக்கு இருபத்தெட்டு வருஷமாக நான் எத்தனை நன்றி பாக்கி வைத்திருக்கிறேனோ.

"போகட்டும் மார்த். அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்களே, அதாவது நிஜம்தானே?"

"நிஜந்தாங்க. 'ரேம் மாட்டினேன்னு அப்பா சொன்ன ஒடனே எல்லாரும் எந்திரிச்சு நல்லா கை தட்டணும்'னு வெள்ளிக்கிழமையே ஏமாகிட்ட போன்ல சொல்லி வச்சுட்டேன்."

நான் லேப்டாப்பைப் பிரித்ததே சனிக்கிழமைதான்.