தோள் இறங்கிய நாள்

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் சரி, மச்சானின் பீரோவைத் தூக்குவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். அன்றைக்குத்தான் மச்சான் வீடு மாறுகிறார். அன்றைக்குத்தான் நம்மவர் நகர மண்டபத்தில் வயலின் வாசிக்கிறார். இத்தனை வருஷமாகப் பின்வரிசையில் கூட்டத்தோடு கூட்டமாக வில்லை ஆட்டிக்கொண்டிருந்தவருக்கு, இப்போதுதான் தனியாக நாலு வரி கிடைத்திருக்கிறது. மனைவியிடம் சொல்லிவிட்டே போயிருக்கலாம். சொன்னால், "எங்க அண்ணனைவிட கச்சேரி பெருசா?" என்று கேட்பாள் என அவராகவே நினைத்துக்கொண்டார். அந்த நினைப்புதான் மனுஷனைக் கவிழ்த்தது.

பொய் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அவரேதான்.

வயலின் வாத்தியார் ஒருநாள் அவர் வாசிப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "வயலினைப் பிடிக்கச் சொன்னா, திருடனைப் பிடிச்ச மாதிரி பிடிக்கறீங்களே. இடது தோள் காதுகிட்ட நிக்குது. தாடை இறுகிக் கிடக்குது. கட்டைவிரல் விறைச்சுப் போச்சு. இதெல்லாம் உங்களுக்கே தெரியாது. வீட்ல யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."

அவர் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாளும் கறிகாய் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். "தோள்" என்பாள். இவர் இறக்குவார். "தாடை" என்பாள். இவர் தளர்த்துவார். கொஞ்ச நாளில் கழுத்துவலி போனது, வயலினும் அழுகையை நிறுத்தியது. அதோடு விட்டாளா என்றால், இல்லை.

"சூப் எப்படி இருக்கு?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்.

"பிரமாதம்."

"தோள்."

கையில் வயலின் இல்லையே என்று குனிந்து பார்த்தார். தோள் என்னவோ காதுக்குப் பக்கத்தில்தான் நின்றது.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று ஒப்புக்கொண்டார். தோள் பாதி இறங்கியது.

இப்படிப்பட்டவளிடம்தான் அவர் அந்த வாரம் பேச்சை ஆரம்பித்தார். "ஞாயித்துக்கிழமை கடையில சரக்கு எண்ணணும்."

"தோள். தாடை." கத்தியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். "கட்டைவிரலும்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று மழுப்பிவிட்டு எழுந்துபோனார்.

மறுநாளே சாதகம் ஆரம்பமாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கா பஞ்சம்? மூச்சை வெளியே விட்டார். தோளைக் கழற்றிப் போட்டதுபோல் தொங்கவிட்டார். தாடையைத் தளர்த்தி, "ஞாயித்துக்கிழமை சரக்கு எண்ணணும்" என்றார். பின்னால் நின்ற வாடிக்கையாளர், "அப்ப நான் திங்கக்கிழமையே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

சனிக்கிழமை மனைவி முன்னால் போய் நின்று அதையே சொன்னார். உடம்பில் ஒரு நரம்புகூட இறுகவில்லை. அவள் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"சரி, போயிட்டு வாங்க. அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. கூடவே, இவ்வளவு சுலபமாக நம்பிவிட்டாளே என்று மனசு உறுத்தவும் செய்தது.

ஞாயிறு மாலை மேடையில் எழுந்து நின்று வயலினைத் தோளில் வைத்தார். முன்வரிசையில் மனைவி. பக்கத்தில், தலையைப் படிய வாரிக்கொண்டு மச்சான். தோள் ஒரே தாவலில் காதுக்கு ஏறியது. அவள் உதடு மட்டும் அசைந்தது. "தோள்." புரிந்தது, ஆனால் உடம்பு கேட்கவில்லை. நாலு வரியும் கீச்சிட்டே முடிந்தன. எல்லாரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள். அவள்தான் கடைசிவரை தட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

வாசலில் மெல்லக் கேட்டார். "எப்படித் தெரிஞ்சுது? எனக்குத் தோளே ஏறலையே."

"அதனாலதான் தெரிஞ்சுது. நீங்க உண்மை பேசினாக்கூட என் முன்னாடி தோள் பாதிதான் இறங்கும். கல்யாணமானதுல இருந்து நேத்துதான் முழுசா இறக்கி நின்னீங்க. உடனே வாத்தியாருக்குப் போன் போட்டேன், கச்சேரின்னு சொல்லிட்டார்."

"நான் முன்னாடியே சொல்லியிருந்தா?"

"அண்ணன் அடுத்த வாரம் வீடு மாறியிருப்பார். அந்த நாலு வரியைக் கேட்டுக்கிட்டுத்தானே தினம் சமைக்கறேன்? மேடையில கேக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளைப் பார்த்துக்கொண்டே நன்றாக வாசித்திருக்கலாம். அந்த நாலு வரி இனி எப்போது கிடைக்குமோ.

"தப்புதான். மன்னிச்சுக்கோ" என்றார். சொல்லும்போதே இரண்டு தோளும் தானாகக் கீழே இறங்கின.

அவள் வயலின் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தோளைத் தொட்டும் பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு. அப்படியே வெச்சுக்குங்க. மத்த சாமானெல்லாம் காலையிலேயே போயாச்சு, பீரோ மட்டும் உங்களுக்காக வெளியில லாரியில நிக்குது."