தகுதி பெற்ற உப்புக் கொட்டில்

அரசாங்கத்துக்கு ஒரு பொருளை விற்பது சாதாரண வியாபாரம் அன்று. அது ஒரு தவம். சந்தையில் விற்பவனுக்குப் பொருள் இருந்தால் போதும். அரசாங்கத்துக்கு விற்பவனுக்குத் 'தகுதி' இருக்க வேண்டும். யுத்தம் முடிந்து, பாதைகளெல்லாம் தார் பூசிக் கறுப்பாகி, செயலமர்வு என்ற பயிற்சிக் கூட்டங்கள் ஊருக்கு ஊர் பெருகிய காலத்தில் இந்தப் பேருண்மை புத்தளத்தின் கடல்நீர்க் களப்போரத்தையும் வந்தடைந்தது. அது நேராகப் போய் நின்ற இடம் அபூசாலியின் உப்புக் கொட்டில்.

அதுவரை அபூசாலி அறிந்த வியாபாரம் மிகவும் பின்தங்கியது. வெயில் காய்ந்தால் உப்பு விளையும். விளைந்ததை மூடை கட்டிக் கொட்டிலில் அடுக்குவார். கொழும்பிலிருந்து லொறிக்காரன் வருவான், விலையை அவனே சொல்லுவான், அவனே ஏற்றிக்கொண்டு போவான். வாயைத் திறக்கும் வேலைகூட அபூசாலிக்கு இருந்ததில்லை.

மதுரங்குளியில் நடந்த ஒரு செயலமர்வில்தான் அவருடைய கண் திறந்தது. அரசாங்கச் சமையலறைகளுக்கு உப்பு வேண்டும், அதை நேரடியாகவே விற்கலாம், விலை வருடம் முழுக்க மாறாது என்று திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். அம்புக்குறியின் ஒரு முனையில் 'உற்பத்தியாளர்', மறுமுனையில் 'அரசு'. இடையில் ஒரு சின்னப் பெட்டி: 'தகுதி'. பெட்டி சின்னதாக இருந்ததால் அபூசாலி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்தப் பெட்டியை நிரப்ப வந்தது 'அரச சமையலறை விநியோகத் தகுதிகாண் குழு'. உறுப்பினர்கள் நால்வர். தலைவர் அம்பலவாணர், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கொட்டிலுக்குள் கால் வைத்ததும் சுவரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதென்ன முதலாளி, வெள்ளையாய்ப் பூத்திருக்கு?"

"உப்பு சேர்."

"நிலத்தில?"

"அதுவும் உப்புத்தான் சேர்."

"இது உணவுக் களஞ்சியம் எல்லே? எங்க பார்த்தாலும் இப்பிடி உப்பாய்க் கிடந்தால் குழு என்னெண்டு தகுதி குடுக்கிறது?"

அம்பலவாணர் ஒரு மூடையைத் திருப்பிப் பார்த்தார்.

"காலாவதித் திகதி போடேல்லையே?"

"கடலுக்குத் திகதி யாரு சேர் போட்டது?"

பகிடி விட்டது பிழையாகிவிட்டது. 'களஞ்சியத்தில் கடுமையான உப்புத் தாக்கம் அவதானிக்கப்பட்டது. சீர்செய்த பின் மீள்பரிசோதனை' என்று குழு எழுதியது. உப்புக் கொட்டிலில் உப்பைக் கண்டுபிடித்த அந்தக் கூர்மையை என்னவென்று புகழ்வது!

அபூசாலி மனம் தளரவில்லை. லொறிக்காரனுக்கு உடனே போன் எடுத்து, இந்த வருடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மனைவி உம்மு குல்தூம் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாற லொறிய ஏன் திருப்பிறீங்க? மழைக்கு முந்தி உப்பு போவாட்டி வருசம் முழுக்க எதைத் தின்றது?"

"இனி நமக்கு கவர்மெண்டு புள்ள."

"கவர்மெண்டு லொறி கொண்டு வருமா?"

"முதல்ல தகுதி வரும். பொறகு லொறி வரும், இன்ஷா அல்லாஹ்."

மீள்பரிசோதனை நாளுக்கு முதல் நாள், வருடத்து உப்பு முழுவதும் கொட்டிலை விட்டு வெளியேறியது. மூடைகளை உப்புப் பாத்தி வரம்பில் அடுக்கி, இருந்த ஒரே தார்ப்பாய்ப் படங்கை மேலே இழுத்து மூடினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நிலத்தை மூன்று தரம் கழுவினார்கள். கல்யாண வீட்டு அறைபோல மினுங்கியது கொட்டில்.

வரும் பெரிய மனிதர்களைப் பச்சைத் தண்ணீரோடு அனுப்புவது அந்த ஊர் வழக்கமல்ல. ஆறு பேர் வட்டமாக இருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன் ஏற்பாடாகியது. அன்று புதன்கிழமை என்பதால் அம்பலவாணரின் வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் கோழிக்கும் முரண்பாடு இல்லை. ஆனால் கழுவிய நிலத்தில் சோறு சிந்தினால் புள்ளி குறையுமே! வெளியில் பாய் விரித்தார்கள். வெளியில் வெயில். அபூசாலி ஒரு கணம் யோசித்தார். பிறகு உப்பின் மேலிருந்த படங்கை உருவி, நான்கு கம்பில் பந்தலாகக் கட்டினார்.

"இஞ்ச பாருங்க, களப்புப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது" என்றாள் உம்மு குல்தூம்.

"விருந்தாளி தலையில வெயில் படலாமா? ஒரு மணித்தியாலம் புள்ள. தின்றாங்க, பாக்குறாங்க, போறாங்க."

குழு வந்தது. பரிசோதனையைப் பசியோடு செய்யக் கூடாது என்பது குழுவின் எழுதாத விதி. நான்கு உறுப்பினர்கள், சாரதி நிக்கொலஸ், ஆறாவதாக அபூசாலி என்று சஹனுக்கு வேண்டிய ஆறு பேர்க் கூட்ட நடப்பெண் சரியாக அமைந்தது. பிஸ்மி சொல்லி அபூசாலி சோற்றில் கை வைத்ததும் முதல் துளி படங்கின் மேல் விழுந்தது.

அடுத்த நிமிடம் வானம் அப்படியே கொட்டியது.

"முதலாளி, உப்பு நனையுதே!" என்றான் நிக்கொலஸ்.

அபூசாலிக்குத் தெரியாதா? சஹனில் இருந்தவன் மற்றவர்கள் கையெடுக்கும் முன் எழுந்தால், விருந்தாளியை எழுப்பிவிட்டதற்குச் சமம். எழுந்தாலும் என்ன செய்வது? உப்பின் படங்கு குழுவின் தலைக்கு மேலே இருந்தது.

"சேர், கொஞ்சம் கெதியா..." என்று தொடங்கினார்.

"அவசரமில்லை முதலாளி. மழையும் விடட்டும்" என்று அம்பலவாணர் பெருந்தன்மையாகச் சொல்லி, கோழிக் காலைத் தன் பக்கம் திருப்பினார். "பிரியாணி நல்லாயிருக்கு. உப்பு மட்டும் ஒரு சொட்டுக் குறைவு."

கொட்டில் வாசலிலிருந்து உம்மு குல்தூம் இரண்டு கையாலும் சைகை காட்டினாள். பிறகு சைகையை விட்டு, அவளே மழையில் இறங்கி ஓடினாள். ஒரு மூடையைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். வந்தது வெறும் சாக்கு. வரம்பில் மூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இளைத்து, குனிந்து, படுத்தன. அபூசாலியின் விரல்களுக்குள் அதே சோற்று உருண்டை கிடந்தது.

"இனிப்புக்கு வட்டிலப்பம் இருக்கோ?" என்று கேட்டார் அம்பலவாணர்.

வட்டிலப்பமும் முடிந்து, மழையும் முடிந்து, குழு கொட்டிலுக்குள் நுழைந்தது. நான்கு பேரும் மூலைகளைப் பார்த்தார்கள். சுவரைத் தொட்டார்கள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"அற்புதம்!" அம்பலவாணரின் குரல் கொட்டிலில் எதிரொலித்தது. "ஈரலிப்பு இல்லை. சிந்தல் இல்லை. உப்புத் தாக்கம் அறவே இல்லை. முதலாம் தரம்! கையைத் தாங்கோ முதலாளி."

அபூசாலி கையைக் கொடுத்தபடியே வாசலைப் பார்த்தார். வெளியே, சேறான சேலையோடு, காலிச் சாக்குகளின் நடுவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"சேர், தகுதி சரி. எனக்கிட்ட இப்ப உப்பு இல்ல. எல்லாம் கரைஞ்சு போச்சு. உப்பில்லாம எப்பிடி சேர் கவர்மெண்டுக்கு விக்கிற?"

அம்பலவாணர் அவருடைய தோளில் அன்போடு கை வைத்தார்.

"நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? எங்கட முதலாம் தரப் பட்டியலில இருக்கிற ஒருத்தரிட்டயும் உப்பு இல்லை."

"அப்ப அவங்க எங்க இருந்து எடுத்துத் தாறாங்க?"

"விளைவிக்கிற ஆக்களிட்ட வாங்கித் தருவினம். அந்த ஆக்களுக்குத்தான் ஒருநாளும் தகுதி வராதே!"