கறுப்புக் கலரின் எதிர்காலம்

இல்லை சித்தப்பா, மறந்துவிடவில்லை. கறுப்பாகக் கலர் பானம் விற்கும் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கை வாங்கலாமா, எம்.காம். படித்தவள் நீ, ஊரில் விசாரித்துச் சொல் என்று பம்பாயிலிருந்து மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். என் சுகத்தை விசாரிக்கத் தாளில் இடமில்லை போலும். சுகம்தான். வணக்கம்.

கம்பெனியின் கை நீளம். களக்காடு பஸ் ஸ்டாண்டில்கூட அவர்களுடைய ஐஸ் பெட்டி. திசையன்விளையில் ஒரு மளிகைக் கடைக்கு ஓசியில் போர்டு எழுதித் தந்திருக்கிறார்கள். கம்பெனி பெயர் பெரிதாக, கடைக்காரர் பெயர் ஓரத்தில். நீங்கள் அனுப்பிய ஆண்டறிக்கை சொல்வதெல்லாம் சரி. ஒன்றுதான் இடிக்கிறது. மனிதர்கள் தாகத்துக்குக் கலர் குடிப்பார்கள் என்று அது நம்புகிறது. நம் தெருவில் தாகத்துக்குத் தண்ணீர், கலர் விருந்தாளிக்கு.

ருசி பார்க்காமல் எழுதக் கூடாது என்று பிச்சைக்கண்ணு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அங்கேதான் வினை.

"வீட்டுக்கு யாரும்மா வந்திருக்காவ?"

"யாருமில்ல அண்ணாச்சி. எனக்குத்தான்."

"ஒத்தையில குடிக்கதுக்கா கலரு?" என்று சிரித்தவர், அவராகவே கூடை நிறைய அடுக்கினார். "வெக்கப்படாதம்மா. மாப்பிள வீட்டுக்காரவுகளுக்குக் குறையாக் குடுக்கப்பிடாது. மிஞ்சினா திருப்பிக் கொண்டா."

நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது, எதிர்வீட்டு ஹெப்சிபா அக்கா மல்லிகைப் பூவோடு வாசலில் நின்றாள், அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது, யாரோ கூடத்தைப் பெருக்கினார்கள், யாரோ அடுப்பில் கேசரிக்கு ரவை வறுத்தார்கள், நான் வாய் திறக்குமுன் என் தலையில் பூ ஏறிவிட்டது.

"ஏட்டி, எங்கட்டி மாப்பிள?"

"மாப்பிள இல்லக்கா. கம்பெனி பத்தி அறிக்கை எழுதுதேன்."

"அறிக்கைக்கா இம்புட்டுக் கலரு?"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை இல்லை என்று உறுதியானதும் அவர்களே விருந்தாளி ஆனார்கள். "இருமல் மருந்துல்லா இது!" என்று சொல்லிக்கொண்டே அக்கா முழுப் பாட்டிலையும் குடித்தாள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் இத்தனை குரல் கேட்டது அன்றுதான். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விட்டார்கள். காலி பாட்டில்கள் சுவரோரம் நின்றன. கழுவி வைக்கக் கை வரவில்லை.

ஆகவே என் முடிவு: யாரும் வராத வீடுகள் கூடிக்கொண்டிருக்கின்றன. அங்கே கலர் விற்காது. வாங்க வேண்டாம். சித்திக்கு என் அன்பு. தம்பி சங்கருக்குப் பரீட்சை நல்லபடியாக அமையட்டும்.

பிருந்தா,
பாளையங்கோட்டை

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதீர்கள். என் வீட்டை வைத்து ஊரை எடைபோட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் பையன்கள் எந்த விருந்தாளிக்கும் காத்திராமல் நின்றபடியே குடிக்கிறார்கள். கம்பெனி தேறும், வாங்குங்கள். ஆனால் நேரில் பார்க்காமல் பணம் போடுவது முறையல்ல. பொங்கலுக்கு வந்து பாருங்கள்.

இன்று காலிப் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு, நிறைந்தது இரண்டு வாங்கி வந்தேன். யாருக்கு என்று அண்ணாச்சி கேட்டார். "சித்தப்பா வருதாவ" என்று சொல்லிவிட்டேன்.