நானூறாம் நம்பர் உப்புத்தாள்

அன்பும் அதைவிட அதிகமாகக் கோபமும் கொண்டு, அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

இங்கே யாரும் நலமாக இல்லை. நீ அங்கே நலமாகத்தான் இருப்பாய் என்று எனக்குத் தெரியும். பத்து வீட்டுக்கு வைத்தியம் சொல்ல உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா? கையெழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று குழம்பாதே. என் உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடக்கின்றன, பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி எழுதுகிறாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். "நீங்க கொஞ்சம் மூச்சு விட்டாதானே நான் எழுத முடியும்" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அதையும் எழுது என்று சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் செய்து கட்டியோடு சேர்த்துக் குடலில் ஒரு துண்டை எடுத்தார்களே, அதோடு முடிந்தது என்று நீயும் நானும் நினைத்தோம். மிச்சம் மீதி எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதைக் கொல்ல வேண்டும் என்று மாத்திரை கொடுத்தார்கள். பதினான்கு நாள் காலையும் மாலையும், பிறகு ஏழு நாள் ஓய்வு, இப்படி எட்டுச் சுற்று. முடி கொட்டும் என்று பயந்தேன். முடி ஒன்றுகூடக் கொட்டவில்லை, தோல்தான் கொட்டுகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் முதலில் சிவந்தன, பிறகு ஊசி ஊசியாகக் குத்தின, பிறகு எரிந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் ஏணியில் நின்று பெயிண்ட் அடித்தவனுக்குக் கால் எரிவது ஒரு செய்தியா? ஆனால் மருத்துவமனையில் ஒரு நர்ஸம்மா இருக்கிறாள், எல்லோரும் அவளைக் 'கறார் அம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளுக்கு மட்டும் அது தலைப்புச் செய்தி. "எரிச்சல் ஆரம்பிச்ச அன்னைக்கே ஏன் போன் பண்ணலை? அதுக்குத்தானே நம்பர் எழுதிக் கொடுத்தேன்?" என்று பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்டுவிட்டு, ஒரு தாளைக் கையில் திணித்தாள். வெந்நீர் கூடாதாம். இறுக்கமான செருப்பு கூடாதாம். குளித்தால் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டுமாம். வாசனையில்லாத களிம்பைத் தாராளமாகத் தடவி, பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து உட்கார வேண்டுமாம். உரிகிற தோலைப் பிய்க்கவே கூடாதாம். இதை எழுதுகிற இவள் அந்தத் தாளைக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள். அது நான் இழைத்து இழைத்துப் பூசிய சுவர், டேப்பை எடுத்தால் பெயிண்டும் கூடவே வரும் என்று அதற்கு ஒரு சண்டை நடந்தது. தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

களிம்பு விஷயத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, கேட்டுக்கொள். தாராளமாக என்றால் தாராளம்தான். புது பிரஷ் ஒன்றை எடுத்து, இரண்டு கோட் பூசி, ஒரு கோட் காய்ந்தபின் அடுத்தது என்று ஒழுங்காகச் செய்தேன். அந்தக் களிம்பு காயவே காயாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அரை மணி நேரம் மின்விசிறிக்கு நேராகக் காலை நீட்டிப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீ போடலாம் என்று எழுந்தேன். அடுக்களைத் தரையில் முதல் அடி வைத்தது தெரியும், இரண்டாவது அடியில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் மேலிருந்த தட்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாக என் தலை வழியாக இறங்கின. இவள் ஓடி வந்து என்னைத் தூக்கவில்லை. "காலுறை எங்கே?" என்றாள்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். "சுடுதண்ணியில உப்புப் போட்டுக் காலை வைடா, எல்லாம் ஓடிப் போயிடும்" என்று போனில் சொன்னாயே, ஓடித்தான் போயிற்று, தோல். தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தால் பாதம் முழுக்கப் பொருக்குப் பொருக்காகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பழைய சுவர் உப்பிப் பெயர்கிறதே, அப்படியே இருந்தது. அப்புறம் நான் என்ன செய்வேன்? உரிகிற பூச்சின் மேல் புதுப் பூச்சு நிற்காது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்! முதலில் சுரண்டு, பிறகு தேய், பிறகு தூசி தட்டு, கடைசியில்தான் பூச்சு. பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தேன். முரட்டுத் தாள் இல்லை அக்கா, நானூறாம் நம்பர், கதவுக்குக் கடைசிக் கை பார்க்கும் நைஸ் தாள். வட்டமாக, மெதுவாக, ஒரே அழுத்தமாகத் தேய்த்தேன். வேலை சுத்தமாகத்தான் வந்தது. மறுநாள் காலை தரையில் காலை ஊன்றினேன், நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

கறார் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் காலைக் குனிந்து பார்த்தாள். "எதால தேய்ச்சீங்க?" என்றாள். சொன்னேன். "என்ன தாள்?" என்றாள். நானூறு என்று நம்பரோடு சொன்னேன், நல்ல தாள் என்று தெரியட்டும் என்று. அவள் எழுந்து உள்ளே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "கை எப்படி இப்படி ஆச்சு? கொப்புளமே உடைஞ்சிருக்கே?" என்றார். என் அக்கா ஒரு பச்சைக் களிம்பு அனுப்பினாள், அதைத்தான் தடவினேன் என்று சொன்னேன். ஆமாம், உன் பெயரைத்தான் சொன்னேன், என்ன இப்போது? ஜாம் பாட்டிலில் அடைத்து நூல் கட்டி அனுப்பினாயே, அதுதான் என் கையைக் கெடுத்தது. "மாத்திரையை ரெண்டு வாரம் நிறுத்துறோம். அதனால ஒண்ணும் கெட்டுப் போகாது. இந்தப் புண்ணுல சீழ் வச்சா அதுதான் ஆபத்து. தோல் ஆறட்டும், அளவைக் கொஞ்சம் குறைச்சு மறுபடி ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர்.

ஒன்றும் கெட்டுப் போகாதாம். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே இருப்பது இரண்டு வாரம் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமா? கேட்டால் கோபப்படுகிறேன் என்கிறார்கள். ஆமாம், கோபம்தான். மூன்றாவது சுற்றிலேயே மாத்திரையை நிறுத்த வைத்துவிட்டேனே என்று என் மேல் எனக்குக் கோபம். போனில் விரலை வைத்தால் யாரோ அந்நியன் தொடுகிறான் என்பது போல அது திறக்க மறுக்கிறது, ரேகை தேய்ந்துவிட்டதாம், அதன் மேல் கோபம். மூலைக்கடைக்காரன் இத்தனை வருடமாகக் கையில் கொடுத்த மீதிச் சில்லறையை இப்போது மேஜையில் வைத்துத் தள்ளுகிறான். எதிர்வீட்டு ஆசிரியர் பார்க்க வந்து, "இது ஒட்டிக்காதே?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைப் பின்னால் இழுத்தார். "ஒட்டும் சார், முதல்ல நாக்குலதான் ஒட்டும்" என்றேன். எழுந்து போனவர் இன்னும் வரவில்லை. இவள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். இதை எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்தாள், நான் விடவில்லை.

இதெல்லாம் கிடக்கட்டும். வருகிறேன், வருகிறேன் என்று மூன்று முறை சொன்னாய். ஆபரேஷன் முடிந்ததும் வருகிறேன் என்றாய், மாத்திரை தொடங்கியதும் என்றாய், போன மாதம் தேதியே சொன்னாய். அப்புறம் போனில் என்ன சொன்னாய்? "உன்னை அந்தக் கோலத்துல பார்க்க எனக்குத் தைரியம் இல்லைடா." அக்கா, நான் தினமும் காலையில் காலுறையைக் கழற்றிப் பார்க்கிறேன். எனக்கு யார் தைரியம் கொடுத்தார்கள்? பார்க்கவே உனக்குத் தைரியம் வேண்டுமென்றால் இதை வைத்துக்கொண்டு நடக்க எனக்கு எவ்வளவு வேண்டும்? நீ வர வேண்டாம். வந்தாலும் தங்க இடமில்லை. பின்னறை முழுக்கச் சாமான் கிடக்கிறது, கதவையே திறக்க முடியாது. பார்சல் அனுப்ப வேண்டாம், போன் செய்ய வேண்டாம், செய்தாலும் என் விரலுக்கு அது திறக்காது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகள் நூறு வருடம் நல்ல தோலோடு இருக்க என் ஆசிகள். உனக்கு மட்டும் இந்த முறை ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட விரலும், கைநாட்டு வைக்க ரேகையும் இல்லாத
உன் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நான். அவர் காலை நீட்டிக் கண்ணை மூடியிருக்கிறார், அதனால் என் பங்கை எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பச்சைக் களிம்பை அவர் திறக்கவே இல்லை. நூல் கட்டியபடியே அலமாரியில் இருக்கிறது. வெந்நீர் ஒரே ஒரு நாள்தான், அது போகட்டும் விடுங்கள். கை அப்படி ஆனதற்குக் காரணம் பின்னறை. போன முறை வந்திருந்தபோது, அந்த அறை இருட்டாக இருக்கிறது, தூக்கமே வரவில்லை என்று சொன்னீர்களாம். எனக்கு நினைவில்லை, அவருக்கு இருந்திருக்கிறது. நீங்கள் தேதி சொன்ன மறுநாளிலிருந்து, தினமும் நான் தையற்கடை வேலைக்குப் போன பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே பூசியிருக்கிறார். பிரஷ் பிடியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்று சுவர் முடிந்திருந்தன, அன்றைக்குத்தான் நீங்கள் தைரியம் இல்லை என்று போன் செய்தீர்கள். அறையில் ஒரு சாமானும் இல்லை. கட்டிலுக்குத் துவைத்த விரிப்புப் போட்டிருக்கிறார்.

இன்னும் பத்து நாள் அவர் காலைக் கீழே ஊன்றாமல், எதையும் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தால் மாத்திரையை மறுபடி தொடங்குவார்கள். என் பேச்சுக்கு உட்கார மாட்டார். களிம்பு தடவக்கூட என்னைக் காலைத் தொட விட மாட்டேன் என்கிறார், நான் பார்த்து அழுவேனாம். நீங்கள் அழுதால் உங்களைத் திட்டிக்கொண்டாவது காலை நீட்டுவார். சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம், நான்காவது சுவரைக் கவனித்ததாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

கண்ணைத் திறந்துவிட்டார். இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார். உங்கள் முகவரி என்று சொல்லியிருக்கிறேன்.