டாக்ஸி ஸ்டாண்டு குடியரசான கதை

உலகத்தில் மிச்சமிருக்கிற ராஜா ராணிகள் அத்தனை பேருக்கும் பொது எதிரி ஒருவர் விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது, அந்த ராஜாக்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேராவது கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுச்சாவடி வரிசையில் போய் நின்றிருப்பார்கள். அவருடைய வாய் அப்படிப்பட்டது.

ஸ்டாண்டில் அவருக்குக் ‘குடியரசு’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருந்தவள் நான். ரேஷன் கார்டை நகல் எடுக்கக் கொடுத்தபோதுகூட, பெயர் இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டினார். அந்தப் பெயருக்குள் எங்கேயோ ஒரு ராஜா இருப்பதாக ஸ்டாண்டில் பேச்சு.

புதுச்சேரிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி அவர் வண்டியில் ஏறினால், ஏ.சி. போடவா என்று கேட்பதற்கு முன்னால், “யுவர் கன்ட்ரி, கிங் ஆர் நோ கிங்?” என்று கேட்பார். ராஜா இல்லை என்றால் ஒரு கும்பிடு, குளிர்ந்த தண்ணீர் பாட்டில். ராஜா உண்டு என்றால் புதுச்சேரி வரைக்கும் பாடம். ஒருவர் கண்டமங்கலத்திலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். குடியரசுக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த மனிதர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்றார்.

கொடுங்கோல் ராஜாக்கள் மீதுகூட அவருக்கு அத்தனை கோபம் கிடையாது. நாட்டைப் பார்லிமென்ட் ஆள, சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ராஜாக்கள்தான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்தார்கள். “அதிகாரம் இல்லன்னா எதுக்கு வெச்சிக்கினு இருக்காங்க? இருக்குதுன்னா ஏன் உட்டு வெச்சிக்கினு இருக்காங்க?” என்பார்.

மாதம் ஒரு ராஜாவுக்குக் கடிதம் போகும். அவர் தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். ‘பிறந்ததைத் தவிர வேறு எந்தத் தகுதியும் காட்டாமல் தாங்கள் இப்பதவியில் இருப்பதால், இதைக் கண்டவுடன் விலகிக்கொள்ளவும்’ என்பது அவருடைய வழக்கமான வாசகம். இப்படி எழுதினால் எனக்கு எந்த நாட்டு விசாவும் கிடைக்காது என்று பயம். என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை என்பது வேறு விஷயம். ஆகவே நான், ‘தாங்கள் நெடுங்காலம் உழைத்துவிட்டீர்கள், தயவுசெய்து ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கொஞ்சம் இதமாக அடித்துக் கொடுப்பேன்.

ஒருநாள் ஏதோ ஒரு குளிர் நாட்டு அரண்மனையிலிருந்து தடித்த தாளில் பதில் வந்தது. மன்னர் தங்கள் அக்கறையைக் கண்டு நெகிழ்ந்தார், அவர் நலமாகவே இருக்கிறார் என்று படித்துச் சொன்னேன். குடியரசு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“ராஜினாமா பண்ணுன்னா, நல்லா இருக்கேன்றாரு. எவ்ளோ அழுத்தம் பாரு தங்கச்சி.”

நான் பிரிண்டரைத் துடைக்கிற வேலையில் மும்முரமாகிவிட்டேன்.

இப்படி உலக அளவில் போய்க்கொண்டிருந்த போராட்டம் திடீரென்று உள்ளூருக்குத் திரும்பியது. அதற்கும் நான்தான் காரணம். ஸ்டாண்டு சங்கத்தின் விதிப் புத்தகம் பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்ததால், புதிதாக அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள். தன் கடிதத்துக்காகக் காத்திருந்த குடியரசு அதை எடுத்துப் புரட்டினார். சங்கத் தலைவர் பதவி ஸ்டாண்டை ஆரம்பித்தவருடைய குடும்பத்துக்கே தலைமுறை தலைமுறையாக உரியது, அதிகாரம் செயலாளருக்கு, தலைவருக்குக் கையெழுத்து மட்டும் என்று அதில் இருந்தது. மூன்று தரம் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக ஒரு ராஜாங்கத்தில் வண்டி ஓட்டியிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

அந்த ராஜா, கோதண்டம் அண்ணன். ஆறடி உயரம், பேச்சே கிடையாது. மூட்டுவலி வந்து வண்டியை விற்ற பிறகும், தினமும் காலையில் வந்து தகரக் கொட்டகைக்குள் இரும்பு நாற்காலியில் உட்காருவார். எந்த வண்டிக்குப் பின் எந்த வண்டி என்ற வரிசை நோட்டில் அவர் கையெழுத்து விழாமல் ஒரு டயரும் உருளாது. சவாரித் தகராறு வந்தால் இரண்டு பேரும் அவர் முன்னால் போய் நிற்பார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மாறி மாறிப் பார்ப்பார். இரண்டு பேருக்கும் வெட்கமாகிக் கலைந்துவிடுவார்கள். அவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார், யாரைப் பிடிக்கும், டீக்குச் சர்க்கரை போதுமா என்பதுகூட ஒருவருக்கும் தெரியாது.

தலைவரைத் தேர்தலில்தான் எடுக்க வேண்டும் என்று குடியரசு கொடி பிடித்ததும் ஸ்டாண்டு இரண்டாகப் பிளந்தது. செயலாளர் நிதானமாக ஒரு நியாயம் சொன்னார். அண்ணன் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை, அதனால்தான் எல்லாப் பக்கமும் அவரிடம் போகிறது. ஓட்டு வாங்கி வருகிறவன் ஒரு பக்கத்து ஆளாகத்தான் வருவான், அப்புறம் தகராறை யார் தீர்ப்பது என்று கேட்டார். பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது குடியரசுக்கு வழக்கம். அன்று ஜங்ஷனில் ரயில் அறிவிப்பு யார் காதிலும் விழவில்லை.

அத்தனை சத்தத்திலும் கோதண்டம் அண்ணன் நோட்டைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, மூடி வைத்தார். நாளைக்கே இவர்கள் அடித்துக்கொண்டால், பாவி என் மேஜையில் கிடந்த விதிப் புத்தகத்தால்தானே என்று எனக்கு இருந்தது.

அந்த வாரம் பொம்மையார்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதிக்கு மெனு கார்டு கொண்டுபோக வேண்டியிருந்தது. குடியரசு வண்டியில் அங்கே போகிற சவாரி இருந்ததால் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்ட இங்கிலாந்து அம்மா ஒருவர். வழக்கமான கேள்வி, வழக்கமான பாடம். நான் பாதியை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டாம். மகள் ராஜா கூடாது என்கிற கட்சி, இவரோ இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற கட்சி. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றுதானாம். ராஜா ஓட்டுப் போடுவதில்லை, மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, பிடிக்காத வேலை என்று விட்டுவிட்டுப் போவதும் லேசில்லை. நாட்டிலேயே சுதந்திரம் குறைந்த ஆள் அவர்தான் என்றார் அந்த அம்மா.

கோட்டக்குப்பம் தாண்டியதும் குடியரசு மெதுவாக என்னிடம், “உனக்கு இது வேணுமான்னு அந்த ராஜாவை யாராச்சும் கேட்டாங்களான்னு கேளு தங்கச்சி” என்றார்.

கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை என்றார்.

விழுப்புரம் திரும்பியதும் குடியரசு வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். மறுபடி சத்தம் போடப் போகிறார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் போய் கோதண்டம் அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“அண்ணே, இந்தத் தலைவர் பதவி உங்களுக்கு வேணுமா?”

கோதண்டம் அண்ணன் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“பதினேழு வருசமாச்சு. ஒருத்தரும் கேக்கலப்பா.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் முனகல் மாதிரிதான் கேட்டது. மகளை ஓமந்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அங்கே நிலத்தில் மல்லாட்டை விதைத்திருக்கிறார்கள். அப்பா எங்களோடேயே வந்து இரு என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாள் போய்த் தங்கினால், மறுநாள் காலைக் கையெழுத்து நினைவு வந்துவிடுகிறது. தான் எழுந்தால் ஸ்டாண்டு உடைந்துவிடும் என்று, சாகும்போது அவருடைய அப்பா சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. என் கடையின் காலியான பேப்பர் பெட்டிதான் ஓட்டுப்பெட்டி. தலைவருக்கு ஆண்டுதோறும் தேர்தல் என்பது ஏழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அதில் ஒரு ஓட்டு ராஜாவுடையது. முதல் தலைவராக நில்லு என்று குடியரசை எல்லோரும் பிடித்துத் தள்ளினார்கள். ராஜாவை இறக்கிவிட்டுத் தானே ஏறினால் அது குடியரசு இல்லை, கொள்ளை என்று சொல்லிவிட்டார். ஸ்டாண்டிலேயே ஒரே பெண் டிரைவரான செல்வியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் அன்றைக்கு லீவில் இருந்ததும் ஒரு காரணம்.

இருந்தாலும் கோதண்டம் அண்ணன் உடனே கிளம்பவில்லை. சில நாள், சும்மா, டீக்கடை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் வந்தது தகராறு. ஒரே சவாரிக்கு இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் இருவரும் இரும்பு நாற்காலி இருந்த இடத்துக்குப் போய் நின்றார்கள். அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் காலி இடத்தைப் பார்த்தார்கள். செல்வி வந்து நோட்டைப் பிரித்து, வரிசைப்படி யார் முன்னால் என்று காட்டினாள். ஒருவன் முணுமுணுத்தான், ஆனால் வழி விட்டான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

டீக்கடை ஓரத்தில் கோதண்டம் அண்ணன் விட்ட மூச்சு சாலையைத் தாண்டி எனக்குக் கேட்டது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் அவரை ஓமந்தூரில் கொண்டுபோய் விடுகிற பொறுப்பைக் குடியரசு ஏற்றுக்கொண்டார். எனக்குத் திண்டிவனத்தில் வேலை இருந்ததால் நானும் முன்சீட்டில் ஏறினேன். வண்டி விக்கிரவாண்டியைத் தாண்டியதும் கோதண்டம் அண்ணன் பேச ஆரம்பித்தார். பதினேழு வருஷப் பேச்சு. செயலாளர் குறட்டை விடுகிற ஆள் என்றார். ஸ்டாண்டு டீ கழுநீர் என்றார். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று சொன்னார், நாங்கள் இருவரும் ஆடிப்போனோம். குடியரசு கிளட்ச்சை மிதிக்கிற மிதியில் வண்டி அழுகிறது என்றும் சொன்னார். உலகத்து ராஜாக்களையெல்லாம் எதிர்த்துப் பேசிய அந்த வாய் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

திண்டிவனத்தில் நான் இறங்கவில்லை. வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது. ஓமந்தூர் போகிற திருப்பம் வந்தது. குடியரசு திரும்பாமல் நேராகவே போனார். வழி தவறிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். பின்சீட்டில் அண்ணன் இன்னும் பேசி முடிக்கவில்லை.