பலவீனத்துக்கு ஒரு மானியம்

காரை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, கராஜுக்குள் டாய்லெட் பேப்பர் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார் தோர்கெல். மேல் வரிசைக்கு ஒரு மூட்டையைத் தூக்கும்போது பின்னாலிருந்து மனைவி சிக்ரித்தின் குரல் வந்தது.

"டிக்கெட் போட்டாச்சு."

"எங்கே?"

"கனரித் தீவுக்கு. ஈஸ்டர் முடிஞ்சதும் கிளம்பறோம். ஜூன் வரைக்கும் அங்கதான். வெயில், கடல், நான், நீ. அஞ்சாவதா எதுவும் கூட வரக்கூடாது."

தோர்கெல் மூட்டையைக் கீழே போட்டார். "நடுவுல மே பதினேழு, தேசிய தினம் வருதே! ஊர்வலத்தன்னிக்குத் தலைவர் ஊர்ல இல்லைன்னா எப்படி?"

"இருந்து? நீ என்ன ஊதப்போறியா?"

நியாயமான கேள்விதான். ஹெஸ்விக் ஊர் பேண்டு வாத்தியச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகத் தலைவர் என்றாலும் தோர்கெலுக்கு விசில்கூட அடிக்க வராது. அவர் தலைவரான கதையே வேறு. எங்கள் ஊரில் எவனும் பதவிக்கு ஆசைப்பட மாட்டான். ஆண்டுக் கூட்டத்தில் "அடுத்தது தேர்தல்" என்று சொன்ன மாத்திரத்தில், எல்லோரும் காபிக் கோப்பைக்குள் மோதிரத்தைப் போட்டுவிட்டவர்கள் மாதிரி குனிந்துகொள்வார்கள். கடைசியில் அன்றைக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிட்டு, கைதட்டிக் கலைந்துவிடுவார்கள். அந்த வருடம் தோர்கெல் பல் பிடுங்கப் போயிருந்தார். சேதி வந்தபோது "முடியாது" என்று சொல்ல வாய் மரத்துப் போயிருந்தது. யாருக்காக அவர் சங்கத்தில் சேர்ந்தாரோ, அந்த க்ளாரினெட் வாசித்த மகள் கல்யாணமாகி ஊரை விட்டே போய்விட்டாள். அப்பா மட்டும் மாட்டிக்கொண்டார்.

தலைவர் என்றால் மாலை மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். சீருடை, வாத்தியம், ஹால் வாடகை எல்லாவற்றுக்கும் வீடு வீடாகப் போய் டாய்லெட் பேப்பர் விற்றுத்தான் காசு சேர்க்க வேண்டும். எங்கள் பக்கம் எல்லாச் சங்கமும் அப்படித்தான் பிழைக்கிறது. கடையில் போய் டாய்லெட் பேப்பர் வாங்குகிறவனை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

"ரெண்டு தடவை பயணத்தைக் கெடுத்த. ஒரு தடவை பேப்பர் லாரி வருதுன்ன, இன்னொரு தடவை பெரிய மேளம் கிழிஞ்சு போச்சுன்ன" என்றாள் சிக்ரித். "இந்தா பாரு, ஈஸ்டருக்கு அப்புறமும் நீதான் தலைவர்னா நான் தனியாப் போயிடுவேன். முதுகுல எண்ணெய் தேய்க்க அங்க ஆளா கிடைக்காது?"

கல்யாணமாகி முப்பது வருடம் தாண்டியும் அவளை ஒரு வாரம் பிரிந்திருந்தால் தோர்கெலுக்குச் சோறு இறங்காது. அன்றே முடிவு செய்தார், எப்படியாவது ஒரு வாரிசைப் பிடித்துவிடுவது என்று.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஒஸ்லோவில் ஓர் அறக்கட்டளை, சின்னச் சங்கங்களின் நிர்வாகத்தை வலுப்படுத்த மானியம் தருகிறதாம். ஆலோசகரையும் அனுப்புவார்களாம். புதிய தலைவரை அவர்களே தேடிக் கொடுத்துவிடுவார்கள் என்று தோர்கெல் குதூகலமாக மனுப் போட்டார். 'உங்கள் சங்கத்தின் பலவீனங்கள் யாவை?' என்ற கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்தி, 'ஒன்றும் இல்லை' என்று எழுதினார்.

மறுநாளே அறக்கட்டளையின் ஆலோசகர் தூவா கூப்பிட்டாள். சின்னப் பெண், தேன் குரல்.

"பலவீனமே இல்லைன்னா பணம் எதுக்கு தோர்கெல்?"

"அப்ப, கொஞ்சம் இருக்குன்னு போட்டுக்கலாமா?"

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கண்டிப்பா நிறைய இருக்கும்."

தோர்கெல் யோசித்தார். யோசிக்க யோசிக்க ஊற்று மாதிரி வந்தது. பொருளாளருக்குக் கூட்டல் தெரியாது, இசையை நடத்துகிறவருக்குக் காது சரியில்லை, ட்ரம்பெட் வரிசை வாத்தியத்தைவிடக் கூட்டத்தில் தருகிற வாஃபிள் அப்பத்தைத்தான் அதிகம் வாயில் வைக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். வழக்கம்போல உறுப்பினர் எல்லோருக்கும் ஒரு பிரதி போயிற்று. எங்கள் ஊரில் ஒளிவு மறைவு கிடையாது, அதுதான் தொல்லை.

பொருளாளர் ஆர்விட் கொதித்துப்போய் வந்தார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

"எனக்காடா கூட்டல் தெரியாது?"

"டேய், மானியத்துக்காக எழுதினதுடா! நிஜமில்லைடா!"

"நிஜமில்லைன்னா அது பொய்க் கணக்கு. பொய்க் கணக்கு எழுதற சங்கத்துல நான் பொருளாளரா இருக்க மாட்டேன்." சாவியை மேஜையில் வீசிவிட்டுப் போய்விட்டார்.

தோர்கெல் பதறிப்போய் தூவாவிடம் சொன்னார். அவள் துள்ளிக் குதிக்காத குறை.

"பொருளாளரும் போயிட்டாரா? அருமை! இப்பதான் நீங்க முழுத் தகுதி பெற்றீங்க!"

மானியம் வந்தது. கூடவே தூவாவும் வந்தாள். முதல் வேலையாக ஒரு வழிகாட்டுக் குழு, ஒரு திட்டக் குழு, ஒரு மதிப்பீட்டுக் குழு என்று மூன்று குழு அமைத்தாள். சங்கத்தில் வேலை செய்கிறவர்களே நாலு பேர்தான். அந்த நாலு பேரே மூன்று குழுவிலும் உட்கார்ந்தார்கள். மூன்றுக்கும் தலைவர் தோர்கெல்! மாதம் ஒன்றாக இருந்த கூட்டம் வாரம் மூன்றானது. திட்டக் குழுத் தலைவர் தோர்கெல் எழுதிய கேள்விக்கு வழிகாட்டுக் குழுத் தலைவர் தோர்கெல் பதில் எழுத, அது தாமதம் என்று மதிப்பீட்டுக் குழுத் தலைவர் தோர்கெல் கண்டித்தார்.

தினமும் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு ஆறும்வரை சிக்ரித்திடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார். அவளும் மீன் முள்ளை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"ஆர்விட் வீட்டுக்கு ஒரு கேக் எடுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுது. அதுக்கு எதுக்கு மூணு குழு?" என்பாள்.

"உனக்குத் தெரியாது, இது நிர்வாகம்" என்பார் தோர்கெல்.

அதோடு போயிற்றா? மானியத்துக்கு ஈடாகச் சங்கமும் ஒரு பங்கு போட வேண்டும் என்றாள் தூவா. பங்கு போட வேண்டுமானால் விற்க வேண்டும், விற்க வேண்டுமானால் வாங்க வேண்டும். டாய்லெட் பேப்பர் ஒரு பெரிய லாரி நிறைய வந்து இறங்கியது. கராஜ் நிரம்பி, நடை நிரம்பி, விருந்தினர் அறையும் நிரம்பியது. உறைபெட்டியிலிருந்து மீனை எடுக்கச் சிக்ரித் மூட்டை மேல் தவழ்ந்து போக வேண்டியிருந்தது.

"தலைவர் ஐயா, இதெல்லாம் தீரணும்னா ஊருக்கே வயித்துப்போக்கு வரணும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

மார்ச் மாதம் தூவா அறிக்கை கொடுத்தாள். "உங்க சங்கத்தோட பெரிய ஆபத்து என்ன தெரியுமா? நீங்கதான். எல்லாமே உங்க தலைக்குள்ள இருக்கு. நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா சங்கம் காலி."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன்! என்னை விட்டுடுங்க!"

"ஆண்டுக் கூட்டத்துல புதுத் தலைவர் வந்தாகணும். மூணு குழுவுலயும் இல்லாத ஆளா இருக்கணும். ஆனா சங்க விவகாரம் அத்தனையும் தெரிஞ்சிருக்கணும். இல்லைன்னா மானியத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

மானியம் எங்கே இருக்கிறது? தூவாவின் சம்பளத்திலும் மூன்று குழுவின் வாஃபிளிலும் கரைந்து போயாயிற்று. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வாத்தியத்தை விற்பதா, வீட்டை விற்பதா? இரண்டு நாள் தோர்கெல் தூங்கவில்லை.

கூட்டத்தன்று மாலை சிக்ரித் அவருடைய கோடைச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "நல்ல சேதியோட வா" என்று மட்டும் சொன்னாள்.

ஹாலுக்குள் நுழைந்த தோர்கெல் அப்படியே நின்றுவிட்டார். கூட்டமான கூட்டம்! வராதவர் தலையில்தான் பதவி விடியும் என்று ஊருக்கே தெரியுமே. காலில் கட்டுப் போட்ட ட்ராம்போன்காரர் வந்திருந்தார். காய்ச்சலோடு ஒருத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். ராஜினாமா செய்துவிட்ட ஆர்விட்கூட முதல் வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தூவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஈடுபாடு! பார்த்தீங்களா, நிர்வாகம் வலுவாயிடுச்சு!"

தோர்கெல் காலி நாற்காலி ஏதாவது உண்டா என்று தேடினார். எல்லோரும் வந்துவிட்டால் யாரைத்தான் தேர்ந்தெடுப்பது? மறுபடியும் தன் தலையிலேயே விடிந்துவிடுமோ? கடற்கரையில் எவனோ ஒருவன் எண்ணெய்ப் புட்டியோடு நிற்பது அவர் கண் முன்னால் தெரிந்தது.

"அடுத்தது தேர்தல்" என்றார் செயலாளர்.

அத்தனை தலையும் கோப்பைக்குள் போனது. வாஃபிள் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. தேர்தலை நடத்துகிற பொர்கில், தூபா என்ற பெரிய ஊதுகுழலை ஊதி ஊதிக் கன்னம் பெருத்த அம்மாள், தலைகளை ஒருமுறை எண்ணினாள். உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாள். பிறகு தூவாவின் காதில் ஏதோ கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பி வரும்போது அவள் முகமெல்லாம் பல். "கிடைச்சாச்சு! எந்தக் குழுவுலயும் இல்லை, ஆனா சங்கத்தைப் பத்தி அத்தனையும் அத்துப்படி. அவங்களும் சம்மதிச்சுட்டாங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தூவா எழுந்து நின்று தட்டினாள். தோர்கெல் நாற்காலி மேல் ஏறாத குறையாகக் கத்தினார். "நான் தப்பிச்சேன்! பொர்கில், நீ நூறு வருஷம் நல்லா இருப்ப! யாரந்த மகராசன்? இப்பவே போய்க் கட்டிப்பிடிச்சுக்கறேன்!"

"தாராளமாக் கட்டிப்பிடி, உன் பொண்டாட்டிதானே. பதினோரு வருஷமா உன் வாயால கேட்டுக் காது புளிச்சதுக்கு வேலையைத் தானே செஞ்சுட்டுப் போயிடலாம்னாங்க. உன் பெட்டி வாசல்ல தயாரா இருக்காம், கனரித் தீவுக்கு நீ தனியாப் போயிட்டு வருவியாம்!"